லெமில தேடினா ஏன் ஒன்னும் கிடைக்கல? ஃபெடிவர்ஸ்ல கம்யூனிட்டி கண்டுபிடிக்கிற கதை

செந்தூல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ரெட்டிட் அலுத்துப் போச்சு, அதே மாதிரி ஆனா ஆளாளுக்கு தனித்தனி சர்வரா ஓட்டுற லெமில ஒரு சின்ன சர்வர்ல அக்கவுண்ட் போட்டேன், வீட்டுத் தோட்டம், பழைய ஃபிலிம் கேமரா, தமிழ்னு மாத்தி மாத்தி தேடுறேன், ஒன்னு ரெண்டு செத்துப்போன கம்யூனிட்டியத் தவிர ஒன்னும் வரல, ஆனா கூட வேலை பாக்குறவர் வேற சர்வர்ல இருக்காரு, அவருக்கு அதே கேமரா கம்யூனிட்டி நூத்துக்கணக்கான போஸ்ட்டோட தெரியுது, என் அக்கவுண்ட்ல ஏதும் கோளாறா அண்ணேன்னு.

கோளாறு ஒன்னும் இல்ல தம்பி. உங்க சர்வருக்கு அந்த கம்யூனிட்டி இருக்குறதே தெரியாது, அவ்ளோதான் விஷயம். ஆனா "ஏன் தெரியாது"ங்குறதுதான் பெரிய கதை, அது புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், தே தாரிக் ஒன்னு போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க.

ரெட்டிட்டோ ஃபேஸ்புக்கோ எடுத்துக்கிட்டா எல்லாமே ஒரே கம்பெனி, எல்லா குரூப்பும் அவன் டேட்டாபேஸ்ல இருக்கு, நீங்க தேடினா முழுசையும் தேடிக் குடுப்பான். ஃபெடிவர்ஸ்ல, அதாவது தனித்தனி சர்வருங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கிற இந்த வலையில, அந்த "முழுசு"ன்னு ஒன்னு எங்கயுமே கிடையாது. லெமி, எம்பின், பைஃபெட், மாஸ்டடான்னு பல சாஃப்ட்வேர், ஒவ்வொன்னையும் யார் யாரோ அவங்கவங்க செலவுல ஓட்டுற சர்வருங்க, அதுங்க எல்லாம் ஆக்டிவிட்டிபப்ங்குற ஒரு பொது முறையில பேசிக்குது. 2018 ஜனவரில வெப்புக்கு பொது விதி வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு அத அதிகாரப்பூர்வமா வெளியிட்டாங்க. ஆனா அந்த முறை சொல்றது ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு எப்படி சேதி அனுப்பணும்னு மட்டும்தான், உலகத்துல என்னென்ன கம்யூனிட்டி இருக்குன்னு பட்டியல் வைக்கிற வேலை அதுல யாருக்கும் குடுக்கப்படல. தேடுற வசதிங்குறது ஒவ்வொரு சர்வரும் தன்கிட்ட ஏற்கனவே வந்து சேர்ந்தத மட்டும் தேடுறதுதான்.

அப்ப ஒரு சர்வர்கிட்ட எப்படித்தான் வந்து சேருது? யாராச்சும் ஒருத்தர் கேக்கணும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல ஒரு சின்ன பத்திரிகைக் கடைய நெனச்சுக்குங்க, ஊர்ல இருந்து வர்ற ஒரு மாத இதழ ஒரு வாடிக்கையாளர் கேட்டாத்தான் கடைக்காரர் ஏஜென்ட்கிட்ட சொல்லி வரவழைப்பாரு, வந்த பிறகு கடைக்கு வர்ற எல்லாரும் அத பாக்கலாம். கேட்ட மாசத்துல இருந்துதான் வரும், பழைய இதழ் வராது. வாங்குறவங்க எல்லாரும் நிறுத்திட்டா அவரும் நிறுத்திடுவாரு. லெமி அப்படியே இதேதான். உங்க கூட வேலை பாக்குறவரோட சர்வர்ல என்னைக்கோ ஒருத்தர் அந்த கேமரா கம்யூனிட்டிய கேட்டு வாங்கிட்டாரு, உங்க சர்வர்ல இன்னும் யாரும் கேக்கல.

கொஞ்சம் உள்ள போய் பாத்தா, லெமில ஒவ்வொரு கம்யூனிட்டியும் ஆக்டிவிட்டிபப் கணக்குல ஒரு ஆள் மாதிரி, அதுக்குன்னு ஒரு அட்ரஸ் இருக்கு. நீங்க சப்ஸ்க்ரைப் அமுக்கினா உங்க சர்வர் அந்த கம்யூனிட்டி இருக்குற சர்வருக்கு ஒரு ஃபாலோ அனுப்பும், அங்க இருந்து "சரி, ஏத்துக்கிட்டேன்"னு பதில் வரணும், வந்த பிறகு அங்க யார் போஸ்ட் போட்டாலும் கமெண்ட் போட்டாலும் ஓட்டு போட்டாலும் கம்யூனிட்டியே அத எடுத்து, ஃபாலோ பண்ற ஒவ்வொரு சர்வருக்கும் மறு அறிவிப்பா அனுப்பும். ஒரு சர்வர்ல ஆயிரம் பேர் சப்ஸ்க்ரைப் பண்ணியிருந்தாலும் சேதி ஒரு தடவைதான் போகும், ஒருத்தர் பண்ணியிருந்தாலும் அதே ஒரு தடவைதான். அதனாலதான் அந்த முதல் ஆளுக்கு இவ்ளோ மதிப்பு, அவர் வந்த பிறகு வர்ற எல்லாருக்கும் எல்லாம் தயாரா இருக்கும்.

இதுல நிறைய பேர் ஏமாறுற எடம் ஒன்னு இருக்கு. லெமில "லோக்கல்", "ஆல்"னு ரெண்டு ஃபீட் இருக்குல்ல, அந்த "ஆல்"ங்குறது உலகம் முழுசும் இல்லலா! உங்க சர்வர்ல இருக்குற யாராச்சும் ஒருத்தராவது சப்ஸ்க்ரைப் பண்ணின கம்யூனிட்டிங்க மட்டும்தான் அதுல ஓடும். ஜெர்மன்காரங்க நிறைய இருக்குற சர்வர்ல சேர்ந்தா ஜெர்மன் ரயில் பத்தி வரும், ப்ரோக்ராமர் சர்வர்ல சேர்ந்தா லினக்ஸ் லினக்ஸ்னு வரும். நீங்க பாக்குற "உலகம்" உங்க சர்வர்ல இருக்குறவங்களோட ரசனை. இருபது முப்பது பேர் இருக்குற சர்வர்ல நாலு பேருக்குத்தான் தோட்டத்துல ஆர்வம்னா உங்க தோட்டமும் அவ்ளோதான் பச்சையா இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மொதல்ல கம்யூனிட்டியோட முழு அட்ரஸ் வேணும். அது ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் பேரு, அப்புறம் @, அப்புறம் சர்வர் பேரு, உதாரணத்துக்கு !thottam@சர்வர்பேரு மாதிரி இருக்கும், இல்லனா பிரௌசர்ல தெரியுற முழு லிங்க் இருந்தாலும் போதும். லாகின் பண்ணிட்டு அத அப்படியே உங்க சர்வரோட தேடல் பெட்டில ஒட்டுங்க. லாகின் ரொம்ப முக்கியம், ஏன்னா வெளிய போய் எடுத்துட்டு வான்னு சர்வர வேலை வாங்குற உரிமை லாகின் பண்ணினவங்களுக்குத்தான், சும்மா எட்டிப் பாக்குறவங்களுக்கு கிடையாது. மொத தடவை "ஒன்னும் இல்ல"ன்னு காட்டினா பயப்படாதீங்க, பின்னாடி அது போய் எடுத்துட்டு வந்துட்டு இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திரும்பத் தேடுங்க. வெறும் "கேமரா"ன்னு அடிச்சா அது எங்கயும் போகாது, தன் வீட்டுக்குள்ளயே தேடிட்டு கைய விரிச்சிடும். அட்ரஸ் குடுத்தா மட்டும்தான் வெளிய போகும்.

வந்திடுச்சு, சப்ஸ்க்ரைப் அமுக்கிட்டீங்க, ஆனா ரொம்ப நேரமா "பெண்டிங்"னே நிக்குதுன்னா அந்தப் பக்கத்துல இருந்து ஏத்துக்கிட்ட பதில் இன்னும் வரலன்னு அர்த்தம். சில சமயம் அந்த சர்வர் மூச்சு வாங்கிட்டு இருக்கும். கேன்சல் பண்ணிட்டு மறுபடி அமுக்கினா பல தடவை சரியாயிடும். போஸ்ட் வர ஆரம்பிச்சிடுச்சுன்னா அந்த பெண்டிங் எழுத்த கண்டுக்காம விட்டாலும் பரவால்ல.

அடுத்த ஏமாத்தம், உள்ள போனா காலியா இருக்கும். சில போஸ்ட் இருக்கும், கீழ ஒரு கமெண்ட் கூட இருக்காது, ஓட்டு எல்லாம் ஒன்னு ஒன்னுன்னு இருக்கும். உடனே "செத்த கம்யூனிட்டி"ன்னு முடிவு பண்ணிட்டு வெளிய வந்திடுவாங்க, நல்ல நல்ல கம்யூனிட்டி எல்லாம் இப்படித்தான் ஆள இழக்குது. உண்மை என்னன்னா முதல் தடவை ஒரு கம்யூனிட்டிய எடுக்கும்போது லெமி கடைசியா வந்த கொஞ்சம் போஸ்ட்ட மட்டும்தான் கொண்டு வரும், பழைய கமெண்ட்டும் பழைய ஓட்டும் வராது. சப்ஸ்க்ரைப் பண்ணின நிமிஷத்துல இருந்துதான் உயிர் வரும். அதனால முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த கம்யூனிட்டியோட சொந்த சர்வர்லயே போய் ஒரு தடவை பாருங்க, அங்க நிஜமான நடமாட்டம் தெரியும். அங்க ஏதாவது பழைய போஸ்ட்டுக்கு பதில் போடணும்னு தோணிச்சுன்னா அந்த போஸ்ட்டோட லிங்க்க காப்பி பண்ணி உங்க சர்வர் தேடல்ல ஒட்டினா அந்த ஒரு போஸ்ட் மட்டும் உங்க பக்கம் வந்து சேரும்.

இப்ப, அட்ரஸே தெரியாதவங்க அட்ரஸ எங்க போய் தேடுறது? நெட்வொர்க்குக்குள்ள பட்டியல் இல்லாததால வெளிய சில பேர் பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. என்னோட முதல் சிபாரிசு லெமிவர்ஸ்.நெட். அது சர்வர் சர்வரா போய் ஒவ்வொன்னுலயும் என்னென்ன கம்யூனிட்டி இருக்கு, எத்தனை பேர் இருக்காங்கன்னு சேகரிச்சு வைக்குது, அதுல உங்க சொந்த சர்வர் எதுன்னு ஒரு தடவை சொல்லிட்டா லிங்க்க அமுக்கும்போது உங்க சர்வர்லயே திறக்கும், காப்பி பேஸ்ட் தொல்லை கூட இல்ல. அப்புறம் புது கம்யூனிட்டி அறிவிப்புக்குன்னே லெமி.வேர்ல்ட்ங்குற பெரிய சர்வர்ல ஒரு கம்யூனிட்டி இருக்கு, நியூகம்யூனிட்டீஸ்னு, அத ஃபாலோ பண்ணி வச்சிக்குங்க. பைஃபெட்காரங்க இந்த விஷயத்துல லெமிய விட புத்திசாலிங்கன்னு நான் நெனைக்கிறேன், சேரும்போதே உங்களுக்கு எந்தெந்த தலைப்பு புடிக்கும்னு கேட்டு அதுக்கேத்த கம்யூனிட்டில சேத்து விட்டுடறாங்க, அதோட ஒரு தலைப்புல பல சர்வர்ல இருக்குற கம்யூனிட்டிங்கள ஒரே கட்டா கட்டி மத்தவங்களுக்கும் பகிர்ந்துக்கலாம். புதுசா வர்றவன வெறும் தேடல் பெட்டி முன்னாடி நிறுத்துறது எனக்கு எப்பவுமே கொடுமையா படும்.

உங்க அட்மின் பழக்கமான ஆளா இருந்தா லெமி ஃபெடரேட்னு ஒன்னு இருக்கு, அதுல சேரச் சொல்லுங்க. அதுல சேர்ந்த சர்வர்கள்ல ஒரு பாட், அதாவது தானா ஓடுற ஒரு கணக்கு, போய் மத்த சர்வர் கம்யூனிட்டிங்கள எல்லாம் ஃபாலோ பண்ணி வச்சிடும், நிஜ ஆள் ஒருத்தர் சப்ஸ்க்ரைப் பண்ணினதும் பாட் விலகிக்கும். அந்த "முதல் ஆள்" வேலைய மெஷின்கிட்ட விடுறது. சின்ன சர்வருக்கு இது நல்லதுதான், ஆனா டிஸ்க் எடம் வேகமா நிறையும், அந்த பில் கட்டுறது அட்மின், அதனால அவர் யோசிச்சா கோவப்படாதீங்க.

எல்லாம் சரியா பண்ணியும் வரலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு, சர்வர்களுக்குள்ள சண்டை. ஒரு சர்வர் இன்னொன்ன மொத்தமா தடுத்து வைக்கலாம், சிலர் தெரிஞ்சவங்கள மட்டும் சேத்துக்குவாங்க. 2023 ஜூன்ல, ரெட்டிட் தன் ஏபிஐக்கு, அதாவது வெளி ஆப்புங்க அதோட இணையிற வழிக்கு, காசு கேட்ட கலவரத்துல ஜனங்க கூட்டம் கூட்டமா லெமிக்கு வந்தப்ப, பீஹாங்குற சர்வர் எங்களால இவ்ளோ பேர மேய்க்க முடியாதுன்னு லெமி.வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் தடுத்திடுச்சு. அன்னைக்கு புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒன்னும் புரியல, அங்க நடக்குற பேச்சு இங்க வரல, ஏன்னு யாரும் சொல்லல. லெமி சர்வர் எதுலயும் கீழ "இன்ஸ்டன்சஸ்"னு ஒரு பக்கம் இருக்கும், யாரோட தொடர்பு இருக்கு, யார தடுத்திருக்கோம்னு அதுல தெரியும். சேரும் முன்னாடி நான் முதல்ல பாக்குறது அந்தப் பக்கம்தான், சர்வரோட அழகான முகப்புப் படம் இல்ல.

ரெண்டாவது காரணம் நம்மள மாதிரி ஆளுங்கள ரொம்பவே பாதிக்கும். லெமி செட்டிங்ஸ்ல மொழி தேர்வு ஒன்னு இருக்கு. ஆசை ஆசையா போய் தமிழ மட்டும் டிக் பண்ணி சேவ் பண்ணிட்டீங்கன்னா போச்சு, ஊரே காலியாயிடும்! ஏன்னா முக்காவாசி பேர் போஸ்ட் போடும்போது மொழி குறிக்கவே மாட்டாங்க, அதெல்லாம் "அன்டிடர்மிண்ட்"னு போய் விழும், அந்த அன்டிடர்மிண்ட்டையும் சேத்து டிக் பண்ணலன்னா அதெல்லாம் உங்களுக்கு மறைஞ்சிடும். தமிழ், இங்கிலீஷ், மலாய், கூடவே கண்டிப்பா அன்டிடர்மிண்ட். தம்பி, உங்களுக்கு ஒன்னு ரெண்டு மட்டும் தெரியுதுன்னு சொன்னதப் பாத்தா இதையும் ஒரு தடவை செக் பண்ணுங்க.

இன்னொரு குழப்பம், ஒரே பேர்ல அஞ்சு சர்வர்ல அஞ்சு கம்யூனிட்டி இருக்கும், எதுல சேர்றது? சந்தாதாரர் எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க. 2023-ல அலையில வந்து அமுக்கிட்டு போனவங்க எல்லாம் இன்னும் கணக்குல இருப்பாங்க. மாசத்துக்கு எத்தனை பேர் நடமாடுறாங்கங்குற எண்ணிக்கையப் பாருங்க, மாடரேட்டர் கடைசியா எப்ப எழுதினாருன்னு பாருங்க. அதுக்கு மேல, சர்வர் நிலைச்சு நிக்குமான்னு பாருங்க, ஏன்னா லெமில கம்யூனிட்டி அது பொறந்த சர்வரோட கட்டுண்டது. சர்வர் போனா அதுவும் போச்சு. லெம்.ஈ-ன்னு எஸ்டோனியாக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்ச பெரிய சர்வர் 2025 ஜூன் கடைசில மூடிட்டாங்க, நடத்தின ஆளுங்களுக்கு தெம்பு போயிடுச்சு, அங்க இருந்த கம்யூனிட்டிங்க எல்லாம் வேற எடத்துல முதல்ல இருந்து ஆள் சேக்க வேண்டியதாப் போச்சு. அதனால பெரிய சர்வர்லயே எல்லாரும் குவியுறதும் நல்லதில்ல, மூணு பேர் இருக்குற சர்வர்ல போய் பெரிய கம்யூனிட்டி கட்டுறதும் நல்லதில்ல. நடுத்தரமா, ஒருத்தருக்கு மேல அட்மின் இருக்குற, செலவுக் கணக்க வெளிப்படையா போடுற சர்வர்தான் என் தேர்வு.

சின்ன கம்யூனிட்டிங்க கண்ணுல படணும்னா வரிசைப்படுத்துறத "ஸ்கேல்ட்"க்கு மாத்துங்க. 2023 டிசம்பர்ல வந்த 0.19 வெர்ஷன்ல சேத்தாங்க. "ஆக்டிவ்"ல விட்டா அமெரிக்க அரசியலும் மீமும்தான் மேல நிக்கும், ஸ்கேல்ட் கம்யூனிட்டியோட அளவ கணக்குல எடுத்து சின்னதுங்கள மேல தூக்கி விடும். இத ஏன் டீஃபால்ட்டா வைக்கலன்னு எனக்கு இன்னும் புரியல.

வயசானவங்க சிலருக்கு யூஸ்நெட்ங்குற பழைய விவாத வலை ஞாபகம் இருக்கும். சாக்.கல்ச்சர்.தமிழ்னு ஒரு நியூஸ்குரூப், சாக்.கல்ச்சர்.மலேசியான்னு ஒன்னு. அதுவும் சர்வருக்கு சர்வர் சேதி கடத்துற முறைதான், 1979-80 வாக்குல அமெரிக்காவுல ரெண்டு யூனிவர்சிட்டிக்கு நடுவுல ஆரம்பிச்சது. ஆனா அங்க பேரு ஒன்னுதான், சாக்.கல்ச்சர்.தமிழ்னா எந்த சர்வர்ல பாத்தாலும் அது ஒரே குரூப், எந்த ஒரு சர்வருக்கும் சொந்தமில்ல, என்னென்ன குரூப் இருக்குன்னு லிஸ்ட்டும் சர்வர்கிட்டயே இருக்கும். ஃபெடிவர்ஸ்ல பேர்ல சர்வர் ஒட்டிக்கிட்டு வருது. அதனால ஒரு கூட்டத்தோட அட்டகாசம் எல்லார் தலையிலயும் விழாது, அந்தந்த வீட்டுக்காரர் பாத்துக்குவாரு, அதுக்கு நாம குடுக்குற விலைதான் இந்தத் தேடல் தொல்லை. ட்விட்டர் மாதிரியான ப்ளூஸ்கை வேற வழில போச்சு, அங்க ரிலேன்னு ஒன்னு எல்லாரோட போஸ்ட்டையும் ஒரு எடத்துல சேத்துடும், அதனால தேடினா கிடைக்கும், ஆனா அத்தனையையும் சேத்து வச்சு தேடிக் குடுக்குற சர்வர முழுசா ஓட்டுறது சாதாரண ஆளுக்கு ஆகுற காரியமில்ல. எனக்கு தொல்லையோட இருக்குற சின்ன வீடே பரவால்ல.

ட்விட்டர் மாதிரி இருக்குற மாஸ்டடான்ல கம்யூனிட்டி கிடையாது, ஹேஷ்டேக்தான். 2022 கடைசில வந்த 4.0-ல இருந்து ஹேஷ்டேக்கையே ஃபாலோ பண்ணலாம். ஆனா அதே சட்டம்தான் அங்கயும், உங்க சர்வருக்கு வந்து சேர்ந்த போஸ்ட்ல இருக்குற ஹேஷ்டேக் மட்டும்தான் தெரியும். லெமி கம்யூனிட்டியோட அட்ரஸ்ல ஆச்சரியக்குறிக்கு பதிலா @ போட்டு மாஸ்டடான்ல தேடி அதையே ஒரு ஆள் மாதிரி ஃபாலோ பண்ணலாம், ஆனா எல்லாம் பூஸ்ட்டா, அதாவது மறுபகிர்வா, கொட்டும், பரபரப்பான கம்யூனிட்டின்னா டைம்லைன் மூழ்கிடும்.

கடைசியா தமிழ் விஷயம். தமிழ் கம்யூனிட்டி தேடி கிடைக்கலன்னா நீங்களே ஆரம்பிங்க, ஆனா கண்டுபிடிக்கிற மாதிரி ஆரம்பிங்க. லெமில கம்யூனிட்டி அட்ரஸ்ல தமிழ் எழுத்து ஏத்துக்காது, இங்கிலீஷ் எழுத்துலதான் வைக்கணும், ஆனா டைட்டில்ல தமிழ் வைக்கலாம். டைட்டில்லயும் விளக்கத்துலயும் தமிழ் எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும் ரெண்டுலயும் எழுதி வைங்க, ஒருத்தர் எப்படி தேடினாலும் சிக்கணும். அப்புறம் அஞ்சாறு கூட்டாளிங்கள ஆளுக்கொரு சர்வர்ல அக்கவுண்ட் போடச் சொல்லி ஒவ்வொருத்தரும் அங்க இருந்து சப்ஸ்க்ரைப் பண்ணச் சொல்லுங்க, ஒரே சர்வர்ல அம்பது பேர் சேர்றத விட அஞ்சு சர்வர்ல அஞ்சு பேர் சேர்றதுதான் உங்க கம்யூனிட்டிய வெளிய கொண்டு போகும். சப்ஸ்க்ரைப் எல்லாம் முடிஞ்ச பிறகு நல்ல போஸ்ட்டுங்களப் போடுங்க, முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டா பின்னாடி வர்ற சர்வருக்கு அதுல பாதி போகாது. எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, 2023-ல நம்ம மலேசியாக்காரங்க மோன்யெட்.சிசி-ன்னு ஒரு சர்வர் தொடங்கினாங்க, மலாய்ல பேரு குரங்குதான், ஆனா தே தாரிக் கடை பேச்சுல இருந்து ரோடு ஜாம் வரைக்கும் புரியுற ஆளுங்க, இப்பவும் ஓடுதான்னு பாத்துட்டு அங்க அட்மின்கிட்ட பேசிப் பாக்கலாம்.

தம்பி, உங்க கேமரா கம்யூனிட்டிக்கு கூட வேலை பாக்குறவர்கிட்ட அந்த அட்ரஸ மட்டும் வாங்கி ஒட்டிப் பாருங்க. வரலன்னா உங்க சர்வர் பேரையும் அடில தெரியுற வெர்ஷன் நம்பரையும் போடுங்க, தடுத்து வச்சிருக்காங்களான்னு நானே பாத்து சொல்றேன்.